பட்டாணி ஊன்ற நாள் பார்த்தது

இஞ்சாருங்கோ,

மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள். நான் பின்னேர வேலைக்குப் போகிறேன்.

நேற்று இரவு உறைபனி விழுந்ததல்லவா? விடிந்ததும் கொட்டிலுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். மார்ச் கடைசியில் உங்களுக்குத் தெரியாமல் நான் ஊன்றிய பட்டாணி, இலையெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்தபடி நிமிர்ந்து நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடக் கருகவில்லை. இந்தக் குளிரை எப்படித்தான் தாங்குகிறதோ!

“மே கடைசி வரைக்கும் ஒருத்தரும் பட்டாணி போடக்கூடாது” என்று பூசை முடிய கோயில் வாசலில் பிரசங்கம் வைத்தீர்களே. அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்குத்தான் “உனக்கென்ன தெரியும்?” என்றீர்கள். இரண்டு கிழமையாக என்னோடு கதையும் இல்லை. அதனால் உங்கள் யூரியூப் அண்ணையின் வீடியோவை நானே முழுதாகப் பார்த்தேன். அவர் இருப்பது ரொறொன்ரோவில், நாங்கள் டென்மார்க்கில், பிராண்டேயில். அதுவும் அவர் நாள் சொன்னது தக்காளிக்கு.

நாலு மணிக்குப் பிலோமினா அக்கா வருவா. “அண்ணை சொல்லாமல் விதைப் பைக்கற்றை உடைக்கமாட்டன்” என்று உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிற மனுஷி. இன்றைக்கே ஊன்றச் சொல்லிவிடுங்கள்.

ஜெசிந்தா

பி.கு.: அவ செடியைக் கண்டுவிட்டால், பரிசோதனைக்காக நீங்களே ஊன்றியது என்று சொல்லுங்கள். கோயிலில் நான் சிரிக்கமாட்டேன். வீட்டில் நீங்கள் கதைத்தால் போதும்.