எண்ணெய் படாத தலை

ஐப்பசி 12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்று. வாங்க வேண்டியவை: நல்லெண்ணெய், சீயக்காய், வெல்லம், ஊதுவத்தி.

கொழுந்தனும் அவர் பெண்டாட்டி சுசீலாவும் கிள்ளானிலிருந்து மத்தியான ரயிலில் வந்துவிட்டார்கள். தீபாவளி முடிந்துதான் போவார்களாம். (இனிமேல் சு. போதும். முழுப் பேரும் எழுதினால் மை வீண்.) கல்யாணத்தன்று தலை நிறையப் பூ, ஒன்றும் தெரியவில்லை. இன்றுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். நெற்றியிலிருந்து காது வரை அலை அலையாக முடி. சினிமா நோட்டீஸில் இருக்கிற வெள்ளைக்காரி மாதிரி. பத்து ரோடு கடைத்தெருவில் இருக்கிற சலூன்களில் சூடு வைத்துப் பண்ணுவார்களே, அதேதான்.

சாப்பிடும்போது இவர் சொல்கிறார், "இந்தத் தடவை படம் எடுக்கறப்போ சுசீலாவ முன்னால உக்கார வைக்கணும். தலை எடுப்பா இருக்கு."

தீபாவளிக்குத் தீபாவளி ஸ்டூடியோவில் படம். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து முன் நாற்காலி என்னுடையது. ஊரில் அம்மா அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவாள். என் தலையைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்றார். போடவில்லை.

13, புதன்

மழை இல்லை. புழுக்கம். அடுக்களையில் நைசாகக் கேட்டேன், எந்தக் கடை என்று.

"கடையா? ஐயோ அக்கா, பொறந்ததிலேருந்தே இப்படித்தான்."

யாருக்குக் காது குத்துகிறாள்? சொன்னால் நானும் போய்விடுவேன் என்று பயம். கள்ளி. வயிறு எரிகிறது. சோடா குடித்தும் அடங்கவில்லை.

அறைக்குள் தலை வாருகிறாள், "ஆ, அம்மா!" என்று சத்தம். சீப்பில் இரண்டு பல் போயிற்று. என் சீப்பு. சீவிச் சிங்காரிக்க இவ்வளவு நேரமா?

15, வெள்ளி

நேற்று எழுதவில்லை. முறுக்கு, அதிரசம், முதுகு வலி.

இன்று தலைக்குக் குளித்தேன். எண்ணெய் வைக்காமல், சீயக்காய் மட்டும், மூன்று தடவை. பிசுக்கு இருந்தால் சூடு பிடிக்காது என்று கேள்வி. நாளைக்குப் பத்து ரோட்டில் ரவிக்கைத் துணி வாங்கப் போகிறேன் என்று இவரிடம் சொல்லியாயிற்று. துணியும் வாங்குவேன், பொய் இல்லை.

16, சனி

போய்விட்டு வந்தேன்!

சலூன்காரி சீனம்மா. ஸ்பிரிட் விளக்கில் இடுக்கியைக் காய்ச்சி, முதலில் பேப்பரில் வைத்துப் பார்க்கிறாள். பேப்பர் பழுத்தால் ஆறவிடுகிறாள். பிறகு தலை. அசையக்கூடாது. அசைந்தேன், காதோரம் சுட்டுவிட்டது. பரவாயில்லை. கண்ணாடியில் யாரோ ஒருத்தி. அழகாகத்தான் இருந்தாள்.

"மிஞாக் தா போலே. ஆயேர் தா போலே," என்று விரலை ஆட்டிச் சொன்னாள். எண்ணெய் கூடாது, தண்ணீர் கூடாது.

திரும்பும்போது தூறல். ரிக்‌ஷாவில் மூடி போட்டு, அதற்குள் முந்தானையும் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வந்தேன்.

சு. பார்த்ததும் கையைத் தட்டினாள். "அக்கா! எவ்வளவு அழகா இருக்கு!" நடிப்பு.

இவர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏதோ கருகின வாசனை வருதே. அடுப்புல எதையாவது விட்டுட்டியா?"

அவ்வளவுதான்.

17, ஞாயிறு

ராத்திரி பட்டுத் துணியால் தலையைக் கட்டிக் குப்புறப் படுத்தேன். கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. அலை மட்டும் அப்படியே இருக்கிறது. இட்லிப் பானை பக்கம் போகவில்லை, ஆவி பட்டால் தொலைந்தது. இரண்டு வேளையும் தோசை. "வீட்டுல இட்லித் தட்டு காணாமப் போச்சா?" என்றார் இவர்.

நாளை விடியற்காலை எண்ணெய்க் குளியல். மாமியார் ஊரில். இங்கே மூத்தவள் நான்தான், எல்லார் உச்சியிலும் எண்ணெய் வைப்பது என் கை. சு. தலையில் தாராளமாக வைக்கப்போகிறேன். நல்ல நாளில் யார் வேண்டாம் என்பார்கள்? எனக்குச் சளி என்று சொல்லிவிடுவேன். பிறகு பார்க்கலாம், யார் முன்னால் உட்காருகிறார்கள் என்று.

18, திங்கள். தீபாவளி

இவருக்கு மூன்று சொட்டு. கொழுந்தனுக்கு மூன்று சொட்டு. சு.வுக்கு அரைக் கிண்ணம். கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "நல்லா வைங்கக்கா. எங்கம்மாவும் இப்படித்தான் வைப்பாங்க."

எனக்குச் சளி என்றேன்.

"நல்ல நாள் அதுவுமா என்ன சளி?" மீதிக் கிண்ணத்தை எடுத்து என் உச்சியில் கவிழ்த்துவிட்டார் இவர். ஆசையாகத்தான், சிரித்துக்கொண்டே. என் தலையில் என்ன இருந்தது என்றே அவருக்குத் தெரியாது. எண்ணெய் காது வழியாக இறங்கியது, சுட்ட இடம் எரிந்தது.

குளித்துத் துவட்டினேன். முடி புடலங்காய் மாதிரி தொங்குகிறது.

சு. குளித்துவிட்டு வந்து துண்டை அவிழ்த்தாள். அலை அப்படியே இருக்கிறது. முன்னைவிட அதிகம், நெற்றியில் இரண்டு சுருள் புதிதாக. பொய் சொல்லவில்லை அவள். பிறவி முடி. கடையாக இருந்தால் தேடிப் போயிருப்பேன். இதை எங்கே போய் வாங்குவேன்?

ஸ்டூடியோவில் படம் எடுக்கிற ஜப்பான்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். "யாங் துவா டூடோக்."

"வயசுல பெரியவங்க உக்காரணுமாம்," என்றார் கொழுந்தன்.

எனக்கே தெரியும். பாசாரில் முற்றின வெண்டைக்காயைத் தள்ளும்போது நானும் அந்தத் 'துவா'வைத்தான் சொல்லுவேன். உட்கார்ந்தேன். சு. பின்னால் நின்றாள். என் தலைக்கு மேலே அவள் தலை.

சாயங்காலம் பலகாரத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க முடி சுருட்டிக்கிட்டீங்களே, அந்தக் கடை எங்க இருக்கு? என் முடிய நேராக்கித் தருவாங்களா?"

"எதுக்கு?"

"வீட்டுல உங்க கொழுந்தன் குருவிக்கூடுன்னு கேலி பண்றாரு. உங்க முடி மாதிரி வழவழன்னு விழணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

ரிக்‌ஷாக்காரன் எங்கேயோ சுற்றிக் கொண்டுபோய் விட்டான், எனக்கு வழி தெரியாது என்று சொல்லிவிட்டேன்.