கொள்ளிடத்துக்கு முதுகைக் காட்டாதவருக்கு

ஆற்றைக் கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே படியேறி வரும் என் காந்திமதி அக்காவுக்கு,

உங்கள் கருமாதி முடிந்துவிட்டது. உங்கள் பிள்ளை சரவணன் நேற்று சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போனான். பந்தலைப் பிரித்தாயிற்று, இரவல் வாங்கிய அண்டாக்களையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. வீட்டில் சத்தம் அடங்கியபின் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயம் அக்கா. "ஆரம்பிச்சுட்டாளா பயந்தாங்கொள்ளி" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

உங்கள் பிள்ளையை நான் ஆற்றில் முழுக விடவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, சாஸ்திரிகள் மந்திரத்தைப் பாதியில் நிறுத்த, அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டேன். கொள்ளிடத்தில் முழுக்குப் போடாத கருமாதி நம் வீட்டில் இதுவரை நடந்ததில்லை. அதனால் அங்கே உங்களுக்கு ஏதும் குறை வந்ததா? வந்திருந்தால் என்னைத் திட்டுங்கள், அவனைத் திட்டாதீர்கள். நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். நம் கரையில் இருப்பவர்களும் படிக்கட்டும்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவர் நீங்கள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு பேருக்கும் புருஷன்மார் சவுதியில். அவர்கள் பேசி அனுப்பிய கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டுவிட்டு, அந்தக் கையோடு நாற்று பறிக்க ஆள் கூப்பிடப் போவோம். ஊரில் பாதி வீடு அப்படித்தான் இருந்தது. வயலும் மாடும் ஆடும் பெண்பிள்ளைகள் கையில். ஆறும் அப்படித்தான், துவைப்பது குளிப்பது தண்ணீர் காட்டுவது எல்லாம் நாம்தான். முதலை வந்தபோதும் அதன் எதிரில் நின்றது நாம்தான்.

ஒரு பெரிய வெள்ளம் வடிந்த பிறகுதான் அது நம் பக்கம் தென்பட்டது. நாம் என்ன நினைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஆறு நிறைந்து ஓடுகிறவரைதான் ஆபத்து, தண்ணீர் வற்றிவிட்டால் அதுவும் போய்விடும் என்று நினைத்தோம். காவிரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற நமக்கு நிறைந்தால் ஒரு கவலை, வற்றினால் வேறொரு கவலை. இரண்டும் சேர்ந்து வரும் என்று யாருக்குத் தோன்றும்? மணல் லாரிகள் ஆற்றுக்குள் அள்ளிவிட்டுப் போன பள்ளங்களை நாம் யோசிக்கவில்லை. சித்திரை வெயிலில் ஆறெல்லாம் மணலாகக் கிடக்க, தண்ணீர் நின்றது அந்தப் பள்ளங்களில் மட்டும்தான். நமக்கும் அதே தண்ணீர்தான், அதற்கும் அதே தண்ணீர்தான்.

அன்றைக்கு நீங்கள் பள்ளத்தின் ஓரம் குந்தி, கையில் ஒட்டிய சாணியைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். சினை ஆட்டின் கயிறு உங்கள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. நம் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் சுற்றிக்கொள்வோம், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. ஆடு குனிந்து தண்ணீர் குடித்தது. அது கத்தக்கூட இல்லை. தண்ணீர் ஒரு தரம் புரண்டது, கயிறு விறைத்தது, நீங்கள் குப்புற விழுந்தீர்கள்.

நான் ஓடிவந்து உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "கயித்த விடுங்கக்கா!" என்று கத்தினேன். நீங்கள் விடவில்லை. சுற்று இறுகிப் போயிருந்தது, அதற்கு மேல் முஷ்டியையும் மூடி வைத்திருந்தீர்கள். "செனை ஆடுடி, இழுடி, இழு!" என்கிறீர்கள்! முழங்கால் வரை தண்ணீருக்குள் போய்விட்டோம். எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. உங்கள் கையைக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டுகிறவரை கடித்தேன். முஷ்டி திறந்தது, கயிறு தோலை உரித்துக்கொண்டு போனது.

அப்புறம் நீங்கள் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தீர்கள்! கட்டுப் போட்ட கையோடு அடுப்படியில் நின்று, சுவரைப் பார்த்து, "செனை ஆட்ட விட வச்சுட்டா" என்றீர்கள். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் பூனையிடம் பதில் சொல்வீர்கள்.

ஊர் ஆண்கள் டீக்கடையில் கூடித் துப்பாக்கி வேண்டும் என்றார்கள். பண்ணை வீட்டில் ஒன்று இருந்தது, அதுவும் தேர்தலுக்காக போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தது திரும்பி வரவில்லை. வனத்துறையில் இருந்து வந்தவர், "சுட்டீங்கன்னா ஜெயிலுக்குத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு ஒரு போர்டு நட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் நீங்கள் மறுபடி என்னைப் பார்த்துப் பேசினீர்கள். "துப்பாக்கி இருந்தா மட்டும் என்னடி? தண்ணிக்குள்ள கெடக்கறத எங்கன்னு குறி பாக்கறது? ஒன் பயம் இருக்குல்ல, அத வச்சுப் பொழச்சுக்குவோம்" என்றீர்கள். கேலிதான். ஆனால் அன்று முதல் நான் பயந்து சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தீர்கள்.

கயிற்றைக் கையில் சுற்றுவதை விட்டோம். தண்ணீரிடம் நாம் போகாமல், மேட்டில் நின்று வாளியைக் கயிறு கட்டி வீசி மொண்டோம். ஆடு மாடுகளுக்குத் தொட்டியில் ஊற்றிக் காட்டினோம். நாணல் அடர்ந்த பக்கமும் முதலை முட்டையிடும் மணல் திட்டுப் பக்கமும் புல்லுக்குப் போவதை நிறுத்தினோம். பொழுது சாய்ந்தால் ஆறே கிடையாது. படித்துறையைச் சுற்றி மூங்கிலை நெருக்கி நட்டு வேலி போட்டோம், குளிப்பதென்றால் அதற்குள்தான், அதுவும் ஒருத்தி குளிக்க ஒருத்தி கம்போடு பார்த்து நிற்க. எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம் என்று உங்களைப் பிடுங்கி எடுப்பேன். நேற்றுப் போன நேரத்தில் நேற்றுப் போன இடத்துக்கு இன்று போகக் கூடாது. நம்மை அது பார்த்துக்கொண்டே கிடக்கும், பழகிக்கொள்ளும். "கல்யாணத்துக்கு நாள் பாக்கற மாதிரி குளிக்க நேரம் பாக்கறாடி இவ" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அப்புறம் வெளிநாட்டுக் காசில் வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள். டைல்ஸ் ஒட்டிய குளியலறை வந்தது. ஆற்றுக்குப் போக ஆளில்லை. மூங்கில் வேலியை வெள்ளம் கொண்டுபோனது, மறுபடி நட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே அக்கா. பயமும் மோட்டார் தண்ணீரில் கரைந்துவிட்டது போல.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்றதும், சரவணன் வருகிறவரை உங்களை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். குளிரே ஆகாத உங்களை. அவன் வந்து இறங்கியதும் குளிப்பாட்டினோம். வலது கையை நான்தான் தேய்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே என் பல் பதிந்த இடம் வெள்ளையாக, பிறை மாதிரி, அப்படியே இருந்தது. அதைக் கடைசிவரை நீங்கள் மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை நான்?

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் படத்துக்கு முன் படைத்த சோற்றை ஆற்றில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும், கருமாதி வரைக்கும் தினமும். சரவணன் அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. விளக்கு வைத்ததும் இலையை மடித்துக்கொண்டு போவான். பழைய படித்துறையில் கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, உங்களோடு பேசிவிட்டு வருவான். பிள்ளை அழட்டும், மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். வீடு நிறைய ஆள், அடுப்படி வேலை. தினமும் ஒரே நேரம், ஒரே படி, கையில் சோறு. என் கண் முன்னாலேயே நடந்தது அக்கா, எனக்கு உறைக்கவே இல்லை.

கருமாதியன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் பித்தளைக் குடத்தோடு படித்துறைக்குப் போனேன். படிக்குப் பக்கத்துச் சேற்றில், ஏதோ மூட்டையை இழுத்துக்கொண்டு போனது போல அகலமாக ஒரு தடம். இரண்டு பக்கமும் விரல் பதிந்த கால். சேறு இன்னும் ஈரமாக மினுங்கியது. அவன் தினமும் உட்கார்ந்த படியிலிருந்து கை நீட்டினால் தொடலாம்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் கூட்டம் கிளம்பி வந்துகொண்டிருந்தது. சரவணன் மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு, பிண்டத் தாம்பாளத்தை ஏந்தி முன்னால் வந்தான். நான் சொன்னதைக் கேட்டு உங்கள் அண்ணன் சீறினார். "காரியம் நடக்கற எடத்துல மொதல கிதலன்னு அபசகுனமா பேசாதம்மா. கூட்டம் நிக்குது, சத்தம் கேக்குது, அது வருமா?" சாஸ்திரிகள், இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்து மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும் என்றார். திரும்பிப் பார்க்காமல்!

"சரவணா, வேணாம்டா. மேட்டுலேந்து மொண்டு ஊத்தறேன்."

"சித்தி, அம்மா கிடந்த வரைக்கும் ஒரு டம்ளர் தண்ணி குடுக்க நான் இல்ல. இந்த மூணு முழுக்காவது போடலன்னா நான் எதுக்கு வந்தேன்?"

அவன் குரல் உடைந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அவனுக்காக உச்சுக் கொட்டினார்கள். என்னை விலக்கிவிட்டு இறங்கினான். கணுக்கால் நனைந்தது. பின்னாலேயே இறங்கி அவன் வேட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். முப்பது வயது ஆள், கப்பல் பட்டறையில் இரும்பு தூக்கிப் பழகிய உடம்பு. நான் ஒரு இழுப்புக்குத் தாங்குவேனா? அவன் ஒரு கையால் என் விரல்களைப் பிரித்தான். நான் மறு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து என் முகத்துப் பக்கம் இழுத்தேன்.

அவன் நின்றுவிட்டான். என் வாயையும் அவன் கையையும் பார்த்தான்.

"கடிச்சுடுவியா சித்தி?"

"கடிப்பேன்டா."

அவன் முகம் மாறியது. ஒரு படி ஏறினான். அந்த அசைவில் தாம்பாளம் சாய்ந்து சோற்றுருண்டைகள் தண்ணீரில் உருண்டன. உடனே மீன்கள் கும்பலாக வந்து மொய்த்தன. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவை சட்டென்று சிதறின. அவன் நின்றிருக்க வேண்டிய ஆழத்தில் தண்ணீர் மேடு போல எழும்பியது. ஒரு வாய் திறந்து மூடியது. அந்தச் சத்தம், கனமான பெட்டியின் மூடியைப் போட்டது போல, இப்போதும் காதில் இருக்கிறது. அப்புறம் ஒன்றும் இல்லை. அமைதியான ஆறு, மேலே மிதக்கும் எள்ளும் சோறும்.

யாரும் ஓடவில்லை. நான் அவனைப் பிடித்தபடி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினேன். அவனும் அப்படியே ஏறினான். மற்றவர்களும் அப்படியே ஏறினார்கள். சாஸ்திரிகள்கூட.

பிறகு கிழக்கே தள்ளி, மேட்டில் நின்று வாளியைக் கயிற்றில் கட்டி வீசினேன். கயிற்றைக் கையில் சுற்றவில்லை அக்கா. மூன்று வாளி மொண்டு அவன் தலையில் ஊற்றினேன். "இதுவும் கொள்ளிடந்தானே, தோஷமில்ல" என்றார் சாஸ்திரிகள். அவருக்குப் பல் தந்தியடித்தது. உங்கள் அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சரவணனைக் கேட்டேன், கடித்த கதை உனக்கு எப்படித் தெரியும் என்று. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது, நாம் அவனிடம் சொன்னதில்லையே. அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"ஒவ்வொரு தடவை ஃபோன் பண்ணும்போதும் அம்மா சொல்லுவாங்க சித்தி. அங்க எனக்கு எது ஆனாலும் ஒன் சித்திகிட்ட சொல்லு, அவ கடிச்சாவது காப்பாத்திடுவா, நான் உசுரோட இருக்கறதே அவ பல்லாலதான்னு."

என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை அக்கா? பூனையிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? அடுப்படியில் உட்கார்ந்து அப்போதுதான் உங்களுக்காக அழுதேன், வாய் விட்டு.

மூங்கிலுக்குச் சொல்லியிருக்கிறேன். படித்துறையைச் சுற்றி மறுபடி வேலி வருகிறது. வருஷா வருஷம் திதிக்கு அவன் வருவான். தண்ணீரை அவனிடம் நான் கொண்டுவருவேன், அவனைத் தண்ணீரிடம் அனுப்ப மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம். கீழ்ப்பல் இரண்டு ஆடுகின்றன. பரவாயில்லை, இன்னும் கடிக்கும்.

உங்கள் கையில் பல் பதித்த ஓர்ப்படி,
பயந்தாங்கொள்ளி வசந்தா