வலது கால் பத்து, இடது கால் பத்து

பிரம்மதேசம்
4.8.1997

மரியாதைக்குரிய அக்னஸ் டீச்சர் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு தமிழ்மணியின் அப்பா அப்பாதுரை எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என் மனசைத் தவிர. மைதானத்துக்குள் காலை வைக்கக்கூடாது என்று போன வருஷம் நீங்கள் சொல்லிவிட்டதால் தபாலில் வருகிறேன். மகளிடம் கொடுத்தனுப்பினால் வழியிலேயே கிழித்துப் போட்டுவிடுவாள்.

சனிக்கிழமை விழுப்புரம் கோ-கோ போட்டியில் அவளை ஏன் வெளியே உட்கார வைத்தீர்கள்? சுவருக்கு வெளியே டிராக்டர் மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன்னால் வலது காலில் பத்து நொண்டி, இடது காலில் பத்து நொண்டி அடித்துக் காட்ட வேண்டுமாம். இடது காலில் ஏழாவதிலேயே காலை ஊன்றிவிட்டாளாம். டீச்சரம்மா, கோ-கோ என்ன ஓடுகிற ஆட்டமா, நொண்டுகிற ஆட்டமா? அவளுக்குப் பதிலாக நீங்கள் இறக்கிய பெண்ணை எங்கள் வீட்டு எருமை முந்திவிடும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போனால்தான் அவளுக்குக் காலேஜ். மார்க்கு வாங்குகிற தலை எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் இல்லை. அதை நினைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மன வருத்தத்துடன்
அப்பாதுரை


திண்டிவனம்
9.8.1997

அன்புள்ள அப்பாதுரை அவர்களுக்கு,

ஜூன் மாதத்திலிருந்து இது உங்கள் ஐந்தாவது கடிதம். ஆண்டவர்தான் எனக்குப் பொறுமை கொடுக்க வேண்டும். வெயிலில் ஏன் பயிற்சி, மழையில் ஏன் பயிற்சி இல்லை, தமிழ்மணிக்கு ஏன் எட்டாம் நம்பர் ஜெர்சி, எட்டு எங்களுக்கு ஆகாதே என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன்.

பதினாறு வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியை என் பி.டி. பீரியடைத் தூக்கிக் கணக்கு டீச்சரிடம் கொடுக்கிறார். கோப்பை வந்தால் மட்டும் போட்டோவில் நடுவில் வந்து நிற்கிறார். இந்த லட்சணத்தில் நீங்கள் வேறு.

நொண்டி விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். ஒற்றைக் காலில் பத்து தடவை குதிக்க முடியாத முட்டி, கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது தாங்காது. உங்கள் மகளைப் போல வேகம் உள்ள பெண்ணை நான் பார்த்ததில்லை. அதனால்தான் உட்கார வைத்தேன். தயவுசெய்து டிராக்டரில் ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
அ. அக்னஸ்


பிரம்மதேசம்
24.11.1997

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் சென்னையிலிருந்து வருகிறார்களாம். இந்த ஒரு ஆட்டத்துக்காவது என் மகளை முதலிலேயே இறக்குங்கள். அவள் காலுக்கு ஒன்றும் இல்லை. காலில் ஏதோ என்று யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள்.

நான் டிராக்டரில் ஏறமாட்டேன். பஸ்ஸில்தான் வருவேன்.

இப்படிக்கு,
அப்பாதுரை


பிரம்மதேசம்
18.12.1997

அன்பும் பெருமதிப்பும் கொண்ட அக்னஸ் டீச்சர் அவர்களுக்கு,

கோப்பை வாங்கியதற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி நேரத்தில் கம்பத்தடியில் தமிழ்மணி விழுந்தது அவள் நேரம். பாண்டிச்சேரி டாக்டர் முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது, இனி ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று பேரை அவுட் ஆக்கிவிட்டுத்தான் விழுந்தாள், அது போதும். உங்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் நிலத்து வேர்க்கடலை, நல்ல மல்லாட்டை, ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளவும்.

என்றும் நன்றியுள்ள,
அப்பாதுரை


திண்டிவனம்
5.1.1998

அப்பாதுரை அவர்களுக்கு,

விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன், ஏன் என்று எல்லோரும் பிடுங்கி எடுக்கிறார்கள். "என்னாங்க டீச்சர், ஜெயிச்சிக்கினு இருக்கும்போதே யாராவது போவாங்களா?" என்கிறார் தலைமையாசிரியை. உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்ல முடியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று காலை தமிழ்மணி வலது காலில் பத்து நொண்டி அடித்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இன்னொரு பத்து அடித்தாள். அதுவும் வலது கால்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, குனிந்து விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது கோப்பை எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை.

ஜெர்சி நம்பருக்கெல்லாம் திட்டி எழுதுகிற மனுஷன், ஒரு பெண்ணின் முட்டியே போன பிறகு நன்றி எழுதுகிறீர்கள்! மல்லாட்டை அனுப்புகிறீர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையை அவிழ்க்கக்கூட இல்லை. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள்.

அக்னஸ்


பிரம்மதேசம்
12.1.1998

டீச்சரம்மாவுக்கு,

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று இன்லண்டு லெட்டர் வீணாகிவிட்டது.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வரப்பில் வழுக்கி அவள் இடது முட்டி வீங்கியிருந்தது. உங்களுக்கு நான் கடிதம் எழுதியது அதற்குப் பிறகுதான். "டீச்சர் கண்டுபுடிச்சிடுவாங்கப்பா, நான் போவல" என்று அழுதாள். "முதுவ காட்டிக்கினு நின்னு அதே கால்ல அடிடி, யாருக்குத் தெரியப்போவுது" என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். மாட்டுக் கொட்டகையில் நிற்க வைத்து மூன்று நாள் பழக்கினேன். முட்டி முன்பே வீங்கியிருந்ததா என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் அந்த மூட்டையை அனுப்பினேன். நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை.

நீங்கள் ஓய்வு பெறுகிற விஷயத்தை நேற்று தமிழ்மணியிடம் சொன்னேன். ஒரு மாசமாக என்னோடு பேசாதவள் வாயைத் திறந்தாள். "டீச்சர் எதுக்குப் போவணும்? நீதான் போவணும்" என்றாள்.

நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டீர்கள். நான் யாரிடம் எழுதிக் கொடுப்பது, டீச்சரம்மா?

அப்பாதுரை