மூன்றாம் எண் ஆழ்துளைக் கிணற்றுக்கு நான் கொடுத்த அறிக்கையை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்
இரா. ஹரிஷ்குமார், எம்.டெக்.,
விவேக் நகர், பெங்களூரு.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
வட்டாரக் குடிநீர்ப் பிரிவு,
கரடிமேடுப்பள்ளி.

பொருள்: ஓடைக்கரையிலுள்ள குடிநீர்க் கிணறு எண் 3-ஐ உடனே மூடக் கோருதல்.

பார்வை: 1) எனது 02.06.2025 தேதியிட்ட மனு. 2) அதை நிராகரித்த தங்கள் 16.06.2025 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "ஓடை நீர் இக்கிணற்றை அடையாது என வல்லுநர் அறிக்கை உறுதி செய்துள்ளது" என்று சொல்லி என் மனுவை நிராகரித்திருக்கிறீர்கள். அந்த வல்லுநர் நான்தான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. அறிக்கை தவறு.

2. நிலத்தடி நீர்மட்டம் ஓடைப் படுகையைவிட உயரத்தில் இருந்தால் நிலத்தடி நீர் ஓடைக்குள் கசியும். தாழ்ந்தால் ஓடை நீர் நிலத்துக்குள் இறங்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று கணினியில் மாதிரி அமைத்துக் கணக்கிடுவது என் தொழில். அத்திபெலே தாண்டித் தமிழக எல்லைக்குள் வரும் அந்த ஓடையில் ஓடுவது பெங்களூருவின் சாக்கடை. கிணறு அதிலிருந்து 22 மீட்டரில் இருக்கிறது.

3. அந்த அறிக்கைக்காக 2023 நவம்பரில் நான் அளந்தபோது கிணற்று நீர்மட்டம் படுகைக்கு 1.8 மீட்டர் மேலே இருந்தது. மோட்டார் ஆபரேட்டர் திரு. கிருஷ்ணப்பா, "சார் வந்து வெயில்ல காத்திருக்கக் கூடாதுன்னு நேத்தே மோட்டார நிறுத்திட்டேன்" என்றார். நன்றி சொன்னேன். பெரிய அதிகாரி வந்தாலும் அப்படித்தான் செய்வாராம். அவர் மேல் தவறில்லை. ஓய்வில் இருந்த கிணற்றின் மட்டத்தை எடுத்து, பதிவேட்டிலிருந்த மூன்று மணி நேர இறைப்பைச் சேர்த்து மாதிரியை முடித்தேன். உண்மையில் மோட்டார் தினமும் பதினான்கு மணி நேரம் ஓடுகிறது. அதை நான் கேட்கவில்லை.

4. என் அக்கா தாரணி அந்தக் கிணறு உள்ள ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ஏப்ரலில் போன் செய்தார். "தம்பி, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடா. காய்ச்சிக் குடிக்கட்டுமா?" என்றார். "கேஸ வேஸ்ட் பண்ணாதக்கா, நான் போட்ட கணக்கு அது" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அப்போது அவருக்கு ஆறாம் மாதம். மே முதல் வாரம் மஞ்சள் காமாலை. குடிநீர் வழியாக வருவது, கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது என்று மருத்துவர் சொன்னார். 19.05.2025 அன்று இறந்தார். வயிற்றிலிருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. இறப்புச் சான்றின் நகல் இணைப்பு 1.

5. 25.05.2025 அன்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். மட்டம் படுகைக்கு 6.2 மீட்டர் கீழே. பதினான்கு மணி நேர இறைப்பைப் போட்டு மாதிரியை மீண்டும் ஓட்டினேன். ஓடை நீர் 41 நாளில் கிணற்றை அடைகிறது. ஆய்வகத்திலும் கிணற்று நீரில் மலக்கிருமி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். இணைப்புகள் 2, 3. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து விளக்குகிறேன். ஆனால் அதற்காகக் கிணற்றை மூடுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

6. 140 வீடுகள் இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. கிராம செவிலியர் சௌம்யா அவர்களின் பட்டியலில் இப்போது நான்கு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். நேற்று நால்வர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டுப் பெரியவர் ஊராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், சுவரில் ஒட்டியிருந்த என் அறிக்கையின் நகலைக் காட்டினார். "நீ தாரணி தம்பி, துக்கத்துல பேசுற. இத எழுதுனவரு இன்ஜினியருப்பா" என்றார். அந்த இன்ஜினியர் நான்தான் என்றேன். தோளைத் தட்டி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர்கள் வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. அதைக்கூட அவர் துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

7. ஆகவே என் அறிக்கையை ரத்து செய்து, வரும் திங்கட்கிழமை (30.06.2025) காலை ஆறு மணிக்கு மோட்டார் போடும் முன் மின் இணைப்பைத் துண்டித்து, மாற்று ஏற்பாடாக லாரித் தண்ணீர் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுங்கள், ஆட்சேபம் இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த நான்கு பேருக்கு மட்டும் இன்றே ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். உங்கள் அலுவலக முத்திரையோடு போனால் கேட்பார்கள்.

இடம்: பெங்களூரு
நாள்: 27.06.2025

இதிலுள்ளவை என் அளவில் உண்மை என்று உறுதி கூறும்,
(ஒப்பம்)
இரா. ஹரிஷ்குமார்