வெளுத்த இறால் ஓடு

மகனுக்கு ஸலாம். நலம் விசாரிக்க மனமில்லை.

நீ வளர்க்கும் ரத்தக்குழாய்ச் செல்கள் இறால் ஓட்டுப் பொடியில் செய்த சட்டகத்தில் ஒட்டாமல் செத்துப்போனதற்கு என் சரக்குதான் காரணம் என்று ஃபோனில் கத்தினாய். வாப்பா இறால்காரன் என்று லேபில் சொல்ல வெட்கப்பட்டு, யாருக்கோ வேண்டும் என்பதுபோல ஆள் விட்டு வாங்கினாய். ஓடு வாங்கும் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குக் கொடுப்பதுபோலவே பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்துக் கொடுத்தேன். உனக்கென்று தெரிந்தால் போட்டிருப்பேனா?

இப்போது வெளுக்காத ஓடு முற்றத்தில் காய்கிறது. உன் உம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி காக்கை விரட்டுகிறாள். “புள்ள ரத்தக்குழாய் செஞ்சிக்கினு வருவான், இந்தக் காலாவது தப்பும்” என்கிறாள். ரத்த ஓட்டம் நின்று மற்றக் காலை வெட்டி எடுத்தபோது நீ வரவில்லை.

ஆளை அனுப்பினால் ஓடு கிடையாது. நீயே வா.

வாப்பா