மாப்ளே, உன் வண்டிக்குக் கரண்டு பம்பு மாட்டிட்டேன்

என்கூட மல்லுக்கு நிக்க வேற ஆள் வைக்காமப் போயிட்ட மாப்ள ஏழுமலைக்கு,

நீ போயி வருஷம் திரும்பிடுச்சு. நினைவுநாள் போஸ்டர்ல போட நாலு வரி சொல்லுங்க மாமான்னு உன் மக தேவகி கேட்டா. நாலு வரியில சொல்ல எனக்கு வராது. எழுதவும் வராது, கைநாட்டுதான்னு உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறா. "உக்காந்து சொல்லுங்க மாமா, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே இருந்தா எனக்குப் பாதிதான் காதுல விழுது"ங்கிறா. உக்காந்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது.

சேதிக்கு வர்றேன். உன் காருக்குக் கரண்டு பம்பு மாட்டிட்டேன். திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிடு.

இதைப் படிக்கிறவங்களுக்கு நம்ம சண்டை தெரியாது. நீயும் நானும் மாத்தி மாத்தி வாடகைக்கு ஓட்டின பழைய கார் அது. உப்பளத்து முதலாளிங்க, பிரசவத்துக்குப் போற பொண்ணுங்க, கல்யாணக் கும்பல்னு மரக்காணத்துல அதுல ஏறாதவங்க கம்மி. பெட்ரோல் பம்பு இன்ஜினோட ஒட்டினாப்பல இருக்குது. டேங்கு பின்னாடி கிடக்குது. அங்கேருந்து இது உறிஞ்சி இழுக்கணும். மத்தியான வெயில்ல இன்ஜின் கொதிச்சா பம்புக்குள்ள பெட்ரோல் ஆவியாப் போயிடும், வண்டி நின்னுடும். அப்புறம் பானட்டைத் தூக்கி வச்சு, பம்பு மேல ஈரத்துணி போட்டு, அது ஆறுற வரைக்கும் நாம ரோட்டோரம் காயணும்.

கரண்டு பம்பு வாங்கி டேங்கு பக்கத்துலயே வச்சிடலாம், அது பின்னாடியிருந்து தள்ளும், சூடும் அங்க வராதுன்னு நான் எத்தனை வாட்டி சொன்னேன்? நம்ம வண்டிக்கு வயரிங் பார்க்குற கூனிமேட்டு சலீம் பாயும் சொன்னாரு. நீ கேட்டியா? "ஏன் மச்சான், பெட்ரோலுக்குப் பக்கத்துல வயரை இழுத்து வச்சுட்டு அதுமேல உன் தங்கச்சியைக் குந்த வைக்கச் சொல்றியா? நீ வேணா குந்து, கையோட ஒரு பீடியும் பத்த வச்சுக்கோ"ன்ன. பட்டறையில இருந்தவன் எல்லாம் சிரிச்சான். நானும்தான் சிரிச்சேன்.

சுனாமி அலை வந்துட்டுப் போன மறு கோடை. என் தங்கச்சி அஞ்சலையை ஏத்திக்கிட்டுப் பாண்டிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பின. கீழ்புத்துப்பட்டு தாண்டினதும் வண்டி நின்னுச்சு. எப்பவும் போல இறங்கித் துணியை நனைச்சுப் போட்டிருக்க. நெஞ்சை அடைக்குதுன்னு சொல்லிக்கிட்டே சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருக்க. வண்டி இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது, நடுவுல இந்தப் பம்பு கிளம்ப விடல. கடைசியா ஒரு மீன் வண்டிக்காரன்தான் ஏத்திக்கிட்டுப் போனான். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா…"ன்னு டாக்டர் இழுத்தாரு. அந்த இழுப்பு என் காதுல இன்னும் முடியல மாப்ளே.

வண்டியைக் கட்டி இழுத்தாந்து கொட்டாயில போட்டோம். அஞ்சலை அந்தப் பக்கமே போறதில்ல. பஸ்ஸுல பாண்டிக்குப் போனாலும் அந்த இடம் வந்தா முந்தானையால முகத்தை மூடிக்குது. "காயலான் கடைக்குத் தள்ளிவுட்டுடுண்ணா. அதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கினு வருது." இதையே மாசக்கணக்கா சொல்லிச்சு. நான் சாக்குச் சொல்லித் தள்ளிக்கிட்டே வந்தேன். இரும்பு விலைக்குப் போயிடுச்சுன்னா, நாம போட்ட சண்டையில நீ சொன்னது சரியா, நான் சொன்னது சரியான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும் இல்ல?

அதான் இந்தக் கோடையில சொல்லிட்டேன். "கரண்டு பம்பு மாட்டுறேன். ஒரே ஒரு தடவ பாண்டிக்குப் போயிட்டு வரலாம், நீயும் வரணும். வழியில நின்னுச்சுன்னா நானே காயலான் கடைக்குத் தள்ளிக்கினு போறேன்." அஞ்சலை வேணாம்னு சொல்லல.

பழைய பம்பைக் கழட்டி, அந்த ஓட்டையைத் தகடு வச்சு அடைச்சோம். புதுப் பம்பை சலீம் பாய் முதல்ல மேஜை மேல வச்சு பேட்டரியில தொட்டுக் காட்டினாரு. டக்கு டக்குன்னு நல்லா அடிச்சுது. டிக்கிக்குக் கீழ, டேங்குக்குப் பக்கத்துல இறுக்கினோம். முன்னாடி ஒரு ஃபில்டர். சாவியிலேருந்து வயர், நடுவுல ஃபியூஸ், ரிலே. நீ பயந்தியேன்னு, ஏதாவது மோதிச்சுன்னா டக்குனு அணைக்க ஸ்டேரிங்குக்குக் கீழ தனியா ஒரு சுவிட்ச். வயர் முழுக்க ரப்பர் குழாய்க்குள்ள. போதுமா?

சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தம் இல்ல.

ஃபியூஸை மாத்தினோம். ரிலேயை மாத்தினோம். பம்பை இறக்கி மறுபடி மேஜையில வச்சா அடிக்குது, வண்டியில ஏத்தினா ஊமையாயிடுது. "யா அல்லா! ஏன் பெருசு, உன் மாப்ளகிட்ட பர்மிஷன் வாங்கினியா இல்லியா? அங்கேருந்து கையை வச்சுப் பிடிச்சுக்கினு இருக்கான்யா"ன்னாரு பாய். என்னால சிரிக்க முடியல. நிஜமாவே நீதான்னு தோணிடுச்சு. டீ வாங்கினாங்க, குடிக்கல. வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தேன்.

ஒரு விதத்துல நீதான். உப்புக் காத்து தின்னுடும்னு வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி வண்டி அடிவயித்துல கழிவு ஆயிலும் தாருமாக் கலந்து பூசுவியே. நம்ம பக்கத்துல வண்டி வச்சிருக்கிறவன் எல்லாம் பூசுறதுதான், ஆனா நீ சுவத்துக்கு அடிக்கிற மாதிரி அடிப்ப. எர்த்து வயரை நான் அந்தப் பூச்சு மேலயே ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கேன். கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போக இரும்பே ஆப்படல. மல்லாந்து படுத்துக் கத்தியால சுரண்டினேன். கறுப்பு, அதுக்குள்ள செவப்பு ரெட் ஆக்சைடு, அதுக்குள்ள மறுபடி கறுப்பு. ஒரு இடத்துல உன் பிரஷ்ஷோட மயிர் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அடியில இரும்பு வந்துச்சு, அதுவும் துரு. உப்பு அங்கேயும் பூந்திருக்குது. எவ்ளோ பாடுபட்டிருக்க, அப்பவும் பூந்திருக்குது.

"பாடியை நம்பாதே பெருசு"ன்னு பாய் பேட்டரி வரைக்கும் தனியா ஒரு தடி வயரை இழுத்தாரு. சாவியைத் திருப்பினேன். வேகமா அடிச்சு, கார்ப்ரேட்டர் ரொம்பினதும் நிதானமாச்சு.

அஞ்சலை வந்துச்சு மாப்ளே. வெயில் உச்சியில இருக்கும்போதுதான் கிளம்பணும்னு நான் சொன்னேன். பின் சீட்டுல உக்காந்துக்கிச்சு. பம்பு சத்தம் கேக்குதா கேக்குதான்னு என் காது பின்னாடியே இருந்துச்சு. கூனிமேடு போச்சு. கீழ்புத்துப்பட்டும் போச்சு.

"நிறுத்துண்ணா."

நிறுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டுட்டு உக்காந்திருந்தேன்.

"அணை."

"வேணாம்மா, சூடா இருக்குது. ஓடினா ஓடட்டும்."

"அணைன்றேன் இல்ல? அன்னைக்கு அணைஞ்சுதான கிடந்துச்சு?"

அணைச்சேன். ரெண்டு பேரும் இறங்கல. பானட்டு மேல காத்து நெளியுது. பக்கத்துல பஸ்ஸு, காரு, லாரின்னு ஹாரன் அடிச்சுட்டுப் போய்க்கிட்டே இருக்குது. "அன்னைக்கும் இப்படித்தான் போனாங்க. கையைக் கையை ஆட்டினேன். டாட்டா காட்டுறேன்னு நினைச்சுக்கிட்டு ஒரு வேன்ல இருந்தவங்க திரும்பிக் கை ஆட்டினாங்க"ன்னுச்சு. இதை இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

என் சட்டை நனைஞ்சு சீட்டோட ஒட்டிக்கிச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, "இப்ப எடு"ன்னுச்சு.

சாவியைத் திருப்பினேன். பின்னாடி டக்கு டக்குன்னு அடிச்சுது. ஸ்டார்ட்டரைத் தொட்டதும் பிடிச்சுக்கிச்சு.

ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன் மாப்ளே. ஒரு நொடிதான். அஞ்சலை முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்துச்சு.

"இவ்ளோதானாண்ணா? அன்னைக்கு இது இருந்திருந்தா போதுமா?"

நான் கியரைப் போட்டு வண்டியை நகத்தினேன்.

வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி அது அப்புறம் கேக்கல. வச்சிருன்னும் சொல்லல. நான் ஓட்டுறேன். ஒருத்தரும் கூப்பிடாத நாள்லயும் மத்தியானம் ஆனா எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன், வீட்டுல நிக்க முடியல. ஒண்ணு மட்டும் உன் மேல ஆணையாச் சொல்றேன். இந்த ரோட்டுல எவன் வண்டி பானட்டைத் தூக்கிக்கிட்டு நின்னாலும், எந்தப் பொம்பள கையை ஆட்டினாலும், என் வண்டி நிக்காமப் போகாது.

உன்கிட்டப் பாதிச் சண்டையோட நிக்கிற,
உன் பொண்டாட்டியோட அண்ணன்,
மச்சான் கோவிந்தன்