இரட்டைக் கட்டிலுக்கு ஒற்றை விரிப்பு

கடல் தாண்டிப் போயும் இந்த வீட்டில் கலகம் மூட்டும் என் துரைக்கு, அம்மா எழுதுவது. இங்கே கேமராவைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பற்றவைத்துவிட்டுத் தூரத்தில் நிற்பவனுக்குச் சூடு எங்கே தெரியப்போகிறது.

உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் எதுக்கு, நாங்களே எடுக்கிறோம் என்று உன் அப்பாவும் என் அருமைத் தம்பியும் கிளம்பினார்களே, கேமரா அப்பா பொறுப்பு, லென்ஸ் உன் மாமா பொறுப்பு. அப்பா போனில் கேட்டதற்கு, கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் பெரிசாக இருந்தால்தான் மங்கல் வெளிச்சத்திலும் முகம் தெளிவாக வரும் என்றாயாம். மாமா தனியாகக் கேட்டதற்கு, சின்ன சென்சாருக்குச் செய்த லென்ஸ்தான் கைக்கு லேசு, பெரிசுக்கு என்றால் பூசணிக்காயைச் சுமக்கணும் என்றாயாம். இரண்டும் சரிதான் மகனே, ஆனால் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேமராவுக்கு என்று உனக்கும் தோன்றவில்லை, ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ள அவர்களுக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பெட்டியைப் பிரித்தால் லென்ஸ் கேமராவில் மாட்டவே இல்லை. இதன் வாய் வேறு, அதன் கழுத்து வேறு. கடையில் மாற்றிக்கொண்டு வாங்க என்றேன், மாற்றினால் தப்பு யாருடையது என்று தெரிந்துவிடுமே, அதனால் நடுவில் ஒரு வளையம் வாங்கி முறுக்கினார்கள், மாட்டிக்கொண்டது. பார்த்தீங்களா மச்சான், மனசிருந்தால் எல்லாம் பொருந்தும் என்றான் மாமா. என் தம்பி மூளைக்காரன் என்று கல்யாணமான நாளிலிருந்து அளந்துகொண்டிருந்தவள் நான், எனக்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும்.

மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட அன்று எல்லாரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். அந்தச் சின்ன லென்ஸின் வெளிச்சம் பெரிய சென்சார் மேல் வட்டமாக விழுந்து சுற்றிலும் ஒரே கறுப்பு, இரட்டைக் கட்டிலில் ஒற்றைக் கட்டில் விரிப்பைப் போட்ட மாதிரி. அது கலை என்கிறார் உன் அப்பா. ஓரத்தில் நின்ற சம்பந்தியம்மாவின் ஒரு காதும் ஒரு தோடும் மட்டும்தான் கலைக்குள் வந்திருக்கின்றன. நட்டநடுவில், இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் நானே சாப்பிட்ட மாதிரி, நான். அதை மாமா பெருமையாகச் சம்பந்தியம்மாவுக்கே அனுப்பிவைத்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை இருட்டில் நிறுத்திட்டீங்க, இது நடக்கணுமா என்று யோசிக்கிறேன் என்று அவர் போன் பண்ணினார். உன் தங்கச்சி இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைகிறாளே தவிர வாயில் வைக்கவில்லை. நீயோ நடுவை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள் என்கிறாய். வெட்டினால் கறுப்பு போகும், சம்பந்தியம்மாவின் காதும் சேர்ந்து போகும்.

மன்னிப்பு யார் கேட்பது? லென்ஸ் தப்பு என்கிறார் அப்பா, கேமரா தப்பு என்கிறான் மாமா. கடைசியில் நானே நேரில் போய், எல்லாம் என் பிள்ளை சொன்ன யோசனை, பெரிய படிப்புப் படித்தவன் பேச்சை நம்பினோம் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா முதல் தடவையாகச் சிரித்தார், என் பிள்ளையும் இப்படித்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்காகக் காத்திருப்பார். மன்னிப்பு மட்டும் கேள், சென்சார் லென்ஸ் என்று விளக்கப் போகாதே, அவருக்கு விளங்கிவிட்டால் பழி திரும்பவும் இந்த இரண்டு பேர் மேல் வந்துவிடும். ஸ்டுடியோக்காரரிடம் பேசிவிட்டேன், அது இவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு, யார் கேட்டாலும் யோசனை சொல்லாதே.

நட்டநடுவில் நிற்கும்,
உன் அம்மா